சுற்றவாளி

தமிழ்ச் சினிமாவின் நீதிமன்றக் காட்சி ஒன்றை நினைவிலிருந்து சொல்லச் சொன்னால் என் தலைமுறையில் பலர் 'பராசக்தி'யைத்தான் சொல்வார்கள். 1952இல் வந்த படம். கருணாநிதியின் வசனம், சிவாஜியின் குரல். பள்ளிக்கூட மேடைகளில் அந்த வசனத்தை மூச்சுவிடாமல் ஒப்புவித்த பையன்கள் இன்று ஸ்காபரோவில் பேரப்பிள்ளைகளைக் கண்டுவிட்டார்கள். அவர்களிடம் ஒரு சின்னக் கேள்வி கேட்டுப் பாருங்கள்: குணசேகரன் மீது சுமத்தப்பட்ட குற்றம் என்ன? பூசாரியைத் தாக்கியது என்பார்கள். சாதாரணத் தாக்குதலா, ஆயுதத்தால் காயப்படுத்தியதா, கொலை முயற்சியா? அந்தப் பிரிவுக்கு அதிகபட்சத் தண்டனை எவ்வளவு? யாருக்கும் நினைவிருக்காது. பேச்சு நின்றது, குற்றச்சாட்டு கரைந்துவிட்டது.

அந்தப் பேச்சைச் சட்டத்தரணி ஒருவரின் காதால் கேட்டால் இன்னொன்றும் தெரியும். அது எதிர்வாதமே இல்லை. செய்ததை ஒப்புக்கொண்டு, ஏன் செய்தேன் என்று காரணம் சொல்வது. காரணம் எவ்வளவு நியாயமானாலும், நீதிமன்றத்தில் அதற்குரிய இடம் தீர்ப்புக்குப் பின்னால், தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கும் கட்டத்தில்தான். ஒரு சிக்கனமான நீதிபதி குணசேகரனுக்கு நன்றி சொல்லிவிட்டு, 'குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டது' என்று எழுதிக்கொண்டு அடுத்த வழக்குக்குப் போயிருப்பார்.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அந்த வசனத்தின் அரசியல் வேறு, அதன் வேலை வேறு. ஆனால் அதன் அச்சில் வார்க்கப்பட்ட நம்பிக்கை ஒன்று இன்னும் நம் வீடுகளில் குடியிருக்கிறது. நீதிமன்றம் என்பது மனதில் உள்ளதைக் கொட்டும் இடம். உண்மையைச் சொன்னால் விட்டுவிடுவார்கள். பேசாமல் இருப்பவன் எதையோ மறைக்கிறான். மகனைப் பொலிஸ் கூப்பிட்டால், "எல்லாத்தையும் ஒளிக்காமல் சொல்லடா" என்று தாமே காரில் ஏற்றிக்கொண்டு போகும் தகப்பன்மார் இந்த நம்பிக்கையின் வாரிசுகள்.

சினிமாவுக்கு வெகு முன்னமே இந்த மரபு தொடங்கிவிட்டது. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தை ஒரு வழக்கேடாக வாசித்துப் பார்க்கலாம். தேவியின் ஊடலைத் தீர்க்க அந்தப்புரம் நோக்கி விரையும் அரசனிடம் பொற்கொல்லன் முறையிடுகிறான். அரசன் கொடுக்கும் கட்டளை நிபந்தனையோடு கூடியது: சிலம்பு அந்தக் கள்வனின் கையில் இருந்தால் அவனைக் கொன்று அதைக் கொண்டுவர வேண்டும். 'கள்வன்' என்ற பெயர் விசாரணைக்கு முன்னமே ஒட்டப்பட்டுவிட்டது. நிரூபிக்க வேண்டியதாக எஞ்சியிருப்பது ஒன்றுதான், பொருள் கையில் இருக்கிறதா என்பது. களவுக் குற்றம், உடைமைக் குற்றமாகச் சுருங்கிவிட்டது. அந்த நிபந்தனை நிறைவேறியதா என்று பார்த்துச் சொல்லப்போகிறவனும் முறைப்பாட்டுக்காரனே.

கோவலனுக்கு என்ன சொல்லப்படுகிறது? காவலர்கள் சிலம்பைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று மட்டும். தன்மீது என்ன குற்றம் சுமத்தப்பட்டிருக்கிறது என்று அறியாமலேயே அவன் தனக்கு எதிரான சான்றைத் தானே எடுத்துக் காட்டுகிறான். கனடாவின் உரிமைகள் சாசனத்தில் 10ஆம், 11ஆம் பிரிவுகள் இருக்கின்றன. கைதுக்கான காரணத்தை உடனே சொல்ல வேண்டும், எந்தக் குற்றம் என்பதைத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும் என்பவை அவை. அவற்றை யாராவது பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்க விரும்பினால் இந்தக் காட்சியை விடச் சிறந்த பாடம் கிடைக்காது. காவலர்களுக்கே சந்தேகம் வருகிறது, இவன் முகத்தில் களவு தெரியவில்லை என்கிறார்கள். உடனே பொற்கொல்லன் களவுக் கலை பற்றி ஒரு விரிவுரை ஆற்றுகிறான். மந்திரம், மருந்து, நிமித்தம் என்று எட்டுத் துணைகளைப் பட்டியலிட்டு, கள்வர்கள் எப்படியெல்லாம் ஏமாற்றுவார்கள் என்று பழங்கதையும் சொல்கிறான். கோவலன் என்ன செய்தான் என்பதற்கு அதில் ஒரு சொல்கூடச் சான்றில்லை. இப்படிப்பட்டவர்கள் இப்படித்தான் செய்வார்கள் என்ற பொதுப் பேச்சு மட்டும். அது போதுமானதாக இருக்கிறது.

பிறகு கண்ணகி வருகிறாள். நம் மேடைகள் அவளுடைய கோபத்தைக் கொண்டாடின. எனக்கு அவளுடைய வாதத்தின் ஒழுங்கு பிடிக்கும். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்று அரசன் சொல்லும்போது அவள் அதை மறுக்கவில்லை. சட்டத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு, இந்தப் பொருள் அந்தப் பொருள் இல்லை என்ற ஒரே புள்ளியில் நிற்கிறாள். அவளது சிலம்பில் மாணிக்கப் பரல், தேவியின் சிலம்பில் முத்து. உடைத்துக் காட்டுகிறாள். வழக்கு முடிகிறது. அடையாளத்தை மறுக்கும் எதிர்வாதத்தின் முழுமையான மாதிரி அது.

ஆனால் கவனியுங்கள்: களவுக்கு மரணம் தகுமா என்ற கேள்வியை அரசன் கேட்கவில்லை, கண்ணகி கேட்கவில்லை, இளங்கோவும் கேட்கவில்லை. சிலம்புக்குள் முத்தே இருந்திருந்தால்? கோவலனின் கொலை நியாயமாகிவிட்டிருக்கும், காப்பியமும் இல்லை. நம் நீதிக் கற்பனை இங்கே பூட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன். செய்தானா செய்யவில்லையா என்பதோடு நின்றுவிடுகிறது. செய்தது என்ன, அதற்கு என்ன பெயர், அந்தப் பெயரை யார் வைத்தது என்று அது மேற்கொண்டு போவதில்லை.

பெயர் எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பழைய இங்கிலாந்திலிருந்து ஓர் உதாரணம். 18ஆம் நூற்றாண்டில் அங்கே ஒரு வீட்டுக்குள்ளிருந்து 40 ஷில்லிங் அல்லது அதற்கு மேல் பெறுமதியுள்ள பொருளைத் திருடினால் தூக்கு. லண்டன் ஓல்ட் பெய்லியில் அமர்ந்த ஜூரிகள் சட்டத்தை எதிர்த்துப் பேசவில்லை. பொருளின் பெறுமதி 39 ஷில்லிங் என்று தீர்மானித்தார்கள். அதைவிட எவ்வளவோ விலைபோகும் பொருள்களையும் 39இல் நிறுத்தினார்கள். சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் இதைப் புண்ணியப் பொய்ச்சத்தியம் என்ற பொருளில் குறிப்பிட்டார். களவு களவுதான், திருடியவர் திருடியவர்தான். வகை மட்டும் மாறியது, தலை தப்பியது. கோவலன் அந்த ஜூரி முன் நின்றிருந்தால் மாணிக்கச் சிலம்பின் விலை 39 ஷில்லிங்காக இருந்திருக்கும்.

இந்த ஒரு ஷில்லிங்கின் கதைதான் இன்றும் ஒவ்வொரு குற்றவியல் நீதிமன்றத்திலும் நடக்கிறது. இந்தியச் சட்டம் குற்றங்களைப் பல கோணத்தில் பிரிக்கிறது: பிடியாணை இல்லாமல் கைது செய்யலாமா, பிணை உரிமையா அல்லது நீதிமன்றத்தின் விருப்பமா, விசாரிப்பது நடுவரா அமர்வு நீதிமன்றமா. தமிழர் வாயில் 302உம் 420உம் வெறும் எண்கள் இல்லை, கிட்டத்தட்ட உறவுமுறைப் பெயர்கள். 2024 ஜூலை 1 முதல் 1860இன் தண்டனைச் சட்டம் போய்ப் புதுச் சட்டம் வந்துவிட்டது. கொலை 103 ஆனது, ஏமாற்று 318க்குப் போனது. புதிய 302, மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கில் சொற்களைப் பேசுவது பற்றியது. குணசேகரனுக்கு இன்று அது பொருந்திப்போகலாம்.

கனடாவில் மூன்று பெட்டிகள். சுருக்கமுறைக் குற்றம், பாரதூரமான குற்றம், இரண்டுக்கும் நடுவில் நிற்கும் கலப்புக் குற்றம். கலப்பு வகையில் எந்த வழியில் வழக்கை நடத்துவது என்று முடிவெடுப்பவர் நீதிபதி இல்லை, கிரவுன் எனப்படும் அரச வழக்குத்தொடுநர். குற்றவியல் கோவையின் பெரும்பகுதி இந்த நடுப்பெட்டியில்தான் கிடக்கிறது. 266ஆம் பிரிவின் சாதாரணத் தாக்குதல் கலப்புக் குற்றம். 267இன் ஆயுதத்தோடு தாக்குதலும் அப்படியே. ஆயுதம் என்றவுடன் வாளை நினைக்க வேண்டாம். அடிக்கவோ மிரட்டவோ பயன்படுத்தினால் எந்தப் பொருளும் ஆயுதம் ஆகலாம். சண்டையில் பையன் எடுத்து வீசிய தண்ணீர்ப் போத்தல் அவனை 266இலிருந்து 267க்குத் தூக்கிச் சென்றுவிடக்கூடும். முன்னதற்கு அதிகபட்சம் ஐந்து ஆண்டு, பின்னதற்குப் பத்து.

அந்தப் பத்தில்தான் நம் சமூகத்துக்கான கண்ணி இருக்கிறது. குடிவரவுச் சட்டத்தின் 36ஆம் பிரிவு 'பாரதூரமான குற்றத்தன்மை' என்று ஒன்றை வரையறுக்கிறது. பத்து ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை விதிக்கக்கூடிய குற்றத்தில் குற்றத்தீர்ப்புப் பெற்றாலோ, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை உண்மையில் விதிக்கப்பட்டாலோ, நிரந்தர வதிவாளர் நாட்டில் இருக்கும் தகுதியை இழக்கலாம். கிரவுன் பெருந்தன்மையோடு சுருக்கமுறையில் நடத்தியிருந்தாலும் பயனில்லை. குடிவரவுச் சட்டத்தின் கண்ணில் கலப்புக் குற்றம் எல்லாம் பாரதூரமான பெட்டிக்குள்தான். குற்றவியல் நீதிமன்றத்தில் 'சின்னக் கேஸ்' என்று சொல்லி, ஒரு தண்டப்பணத்தோடு முடிந்தது, இன்னொரு அலுவலகத்தில் பெரிய கேஸாக மறுபிறவி எடுக்கிறது. 2018 டிசம்பரில் மது போதையில் வாகனம் ஓட்டுவதற்கான அதிகபட்சத் தண்டனை ஐந்திலிருந்து பத்து ஆண்டாக உயர்த்தப்பட்டது. கலியாண வீட்டிலிருந்து திரும்பும் வழியில் மறிக்கப்பட்டவர்களின் நிலைமை அதற்கு முன் ஒன்று, பின் வேறொன்று. அவர்கள் குடித்த அளவு மாறவில்லை.

இதை உச்சநீதிமன்றமும் பார்த்திருக்கிறது. 2013இன் பாம் வழக்கில் இரண்டு ஆண்டுத் தண்டனை ஒரு நாள் குறைக்கப்பட்டது. அப்போதைய சட்டப்படி இரண்டு ஆண்டு என்றால் நாடுகடத்தலுக்கு எதிராக மேன்முறையீடு செய்ய முடியாது. ஒரு நாள் குறைந்தால் முடியும். மீண்டும் அந்த 39 ஷில்லிங். அதே ஆண்டு நாடாளுமன்றம் அந்த எல்லையை ஆறு மாதத்துக்கு இறக்கியது. 2018இன் வொங் வழக்கு இன்னும் கசப்பானது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் குடிவரவு நிலை போய்விடும் என்று தெரியாமல் ஒப்புக்கொண்டவர், ஒப்புதலை மீளப்பெற அனுமதி கேட்டார். விளைவு தெரியாமல் செய்த ஒப்புதல், தகவலறிந்த ஒப்புதல் ஆகாது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் தெரிந்திருந்தால் வேறு முடிவு எடுத்திருப்பேன் என்று அவர் காட்டவில்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் மனுவைத் தள்ளினார்கள்.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இது தூரத்து விஷயமாகத் தோன்றலாம். ஆனால் ஐந்து வயதில் வந்து, விண்ணப்பக் கட்டணமும் சோம்பலுமாகக் குடியுரிமை எடுக்காமல் விட்டுவிட்ட அண்ணனோ மச்சானோ இல்லாத குடும்பங்கள் எத்தனை?

மொழிக்கு வருகிறேன். இந்தப் பிரச்சினையில் பாதி மொழியில்தான் இருக்கிறது. இலங்கை நீதிமன்றத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவரை 'எதிரி' என்பார்கள். முதலாம் எதிரி, இரண்டாம் எதிரி என்று. எதிர்த்தரப்பில் நிற்பவர் என்ற பொருளில் தொடங்கியிருக்க வேண்டும். நம் காதில் அது பகைவன் என்றே விழுகிறது. தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் கைதான அன்றே 'குற்றவாளி' என்று தலைப்புப் போட்டுவிடுகின்றன. விடுவிக்கப்பட்டவரை 'நிரபராதி' என்கிறோம். அபராதமே இல்லாதவர், கறையற்றவர். எந்த நீதிமன்றமும் ஒருவருக்கு அந்தச் சான்றிதழைக் கொடுப்பதில்லை.

ஆனால் அதே இலங்கைத் தமிழில் இன்னொரு சொல்லும் உண்டு: சுற்றவாளி. குற்றப்பத்திரம் வாசிக்கப்பட்டதும், 'குற்றவாளியா, சுற்றவாளியா?' என்று கேட்பார்கள். தமிழ்நாட்டு நண்பர்களுக்கு இது புதிராக இருக்கும். நான் செய்யவில்லை என்று சத்தியம் செய்வது அந்தச் சொல்லின் வேலை இல்லை. குற்றத்தை ஏற்கவில்லை, நீங்கள் நிரூபியுங்கள் என்ற ஒரு நிலைப்பாட்டைப் பதிவுசெய்வதே அதன் வேலை. நமக்கு மிகவும் தேவையான சொல். இங்குள்ள நம் வீட்டுப் பேச்சில் அது இல்லாமல் போனதால், 'செய்துபோட்டு எப்படிச் செய்யேல்லை எண்டு சொல்லுறது, அது பொய்யல்லோ' என்ற தர்மசங்கடம் வருகிறது. நேர்மையான குடும்பங்கள் அந்த நேர்மையாலேயே முதல் தவணையில் ஒப்புக்கொண்டு முடித்துவிடுகின்றன. வழக்கின் ஆவணங்கள் எல்லாவற்றையும் கிரவுன் கையளிக்க வேண்டும் என்று 1991இன் ஸ்டின்ச்கோம் தீர்ப்பு சொல்கிறது. அவற்றைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன்னமே கதை முடிந்துவிடுகிறது.

அதே 1991இல் கனடிய உச்சநீதிமன்றம் இன்னொரு சிறிய தீர்ப்பை எழுதியது. குற்றம் சாட்டப்பட்டவர் பெயருக்குப் பதில் எழுத்துகள் மட்டும்: டபிள்யூ.டி. அவருடைய சாட்சியத்தை நம்பினால் விடுவியுங்கள். நம்பாவிட்டாலும் அது நியாயமான சந்தேகத்தை எழுப்பினால் விடுவியுங்கள். சந்தேகமே எழவில்லை என்றாலும், ஏற்றுக்கொண்ட மற்றச் சான்றுகள் குற்றத்தை ஐயமற நிறுவுகின்றனவா என்று கேளுங்கள். மூன்று படிகள். நம் நீதிமன்றக் கதைகளில் எப்போதும் இரண்டு கதைகள் மோதும், ஒன்று உண்மை, மற்றது பொய், நாயகனுடையது வெல்லும். டபிள்யூ.டி.யின் இரண்டாவது படிக்கு அங்கே இடமே இல்லை. உன்னை நான் நம்பவில்லை, ஆனாலும் நீ போகலாம் என்று சொல்லும் நீதிபதியை எந்தத் தமிழ்ப் படத்திலாவது பார்த்திருக்கிறீர்களா? கண்ணகிக்கும் அந்தப் படி கிடைக்கவில்லை. பரலை உடைத்துக் காட்டும் சுமை அவள் தோளில். சிலம்பு காணாமல் போயிருந்தால் அவளுக்கு வழக்கே இருந்திராது.

அண்மைக்காலப் படங்களில் இரண்டு இந்த மரபிலிருந்து விலகின. வெற்றிமாறனின் 'விசாரணை' (2015), மு. சந்திரகுமார் தன் அனுபவத்திலிருந்து எழுதிய 'லாக்கப்' நாவலை அடிப்படையாகக் கொண்டது. ஆந்திரத்தில் பிடிபட்ட தமிழ்க் கூலித் தொழிலாளர்களை அடித்து ஒப்புக்கொள்ள வைக்கும் அந்த முதல் பாதியில், பொலிஸுக்குத் தேவைப்படுவது உண்மை இல்லை. கோப்பை மூடுவதற்கு ஒரு பெயர். நீதிமன்றத்தில் அவர்களைக் காப்பாற்றுவது அனல் பறக்கும் வசனமுமில்லை. வேறு அலுவலாக அங்கே வந்திருந்த ஒரு தமிழ்நாட்டுப் பொலிஸ்காரர் அவர்கள் சொல்வதை நீதிபதிக்கு மொழிபெயர்க்கிறார். தமிழ்ச் சினிமாவில் மொழிபெயர்ப்பாளரே எதிர்வாதமாக நின்ற காட்சி எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். 'ஜெய் பீம்' (2021) வேறு வகை. அது ஆட்கொணர்வு மனு. குற்றம் செய்தாரா என்பது அங்கே கேள்வி இல்லை, ஆள் எங்கே என்பதுதான் கேள்வி. படத்தின் பின்பாதி அந்த வறண்ட கேள்வியின் மீதே நகர்கிறது. தப்பி ஓடிவிட்டார்கள் என்ற பொலிஸின் கதையைத் துளித்துளியாகக் கழற்றுகிறது. கடைசியில் நாயகனைப் பெரிதாக்கும் ஆசையைப் படத்தால் விட முடியவில்லை. அது என் குறை. ஆனாலும் ஆவணமும் தேதியும் தொலைபேசி அழைப்பும் வசனத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்ட விதத்தில் அது 'பராசக்தி'க்கு வெகு தொலைவில் நிற்கிறது.

இந்தியச் சாட்சியச் சட்டத்தில் பொலிஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று காலனிக் காலத்திலிருந்தே இருக்கிறது. இலங்கையின் சாட்சியக் கட்டளைச் சட்டமும் அதே குடும்பம். ஆனால் 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் அந்தக் கதவைத் திறந்துவிட்டது. உதவிப் பொலிஸ் அத்தியட்சர் அல்லது அதற்கு மேற்பட்டவரிடம் கொடுத்த வாக்குமூலம் சான்றாகும். அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்று காட்டும் சுமை எதிரியுடையது. சிங்கராசா வழக்கு இதன் கோரமான உதாரணம். தமிழ் மட்டும் பேசும் இளைஞர்; வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டது; கீழே அவருடைய பெருவிரல் அடையாளம். சித்திரவதைக்குப் பிறகு பெறப்பட்டது என்று அவர் சொன்னார். 1995இல் 50 ஆண்டுத் தண்டனை, மேன்முறையீட்டில் 35 ஆனது. 2004இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு இது நியாயமான விசாரணை இல்லை என்றது. 2006இல் இலங்கை உயர் நீதிமன்றம் அதைச் செயற்படுத்த மறுத்தது. அடிப்படையில் நடந்தது என்ன? சாதாரணச் சட்டத்தில் செல்லுபடியாகாத ஒரு தாள், குற்றத்துக்கு 'பயங்கரவாதம்' என்ற பெயர் வைக்கப்பட்டதும் செல்லுபடியாகிவிட்டது. வகைப்படுத்தலின் உச்சம் இது.

நம்மில் பலர் அந்தப் பெயரிலிருந்து ஓடி வந்தவர்கள். பொலிஸிடம் பேசாமல் இருந்தால் என்ன நடக்கும் என்பதை உடம்பால் படித்தவர்கள். ரொறன்ரோவில் ஒரு பொலிஸ்காரர் 'நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை' என்று சொல்லும்போது அதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளும் காது எங்களுடையது.

புலம்பெயர் எழுத்து அகதி விசாரணையை விரிவாக எழுதியிருக்கிறது. விண்ணப்பம், மொழிபெயர்ப்பாளர், நம்பவில்லை என்று சொல்லும் அதிகாரி எல்லாம் நம் கதைகளில் பழகிய முகங்கள். அந்தக் கதைகளில் வேலை முழுவதும் நம்பவைப்பது. குற்றவியல் நீதிமன்றத்தில் நடக்கும் வேலை வேறு; அதை நாம் இன்னும் எழுதத் தொடங்கவில்லை என்பதே என் வாசிப்பு. எழுதியவையும் குழுச் சண்டை, துப்பாக்கி, தாயின் கண்ணீர் என்று 'செய்தான்' பக்கத்திலேயே நின்றுவிடுகின்றன. நான் வாசிக்க விரும்பும் காட்சி ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் நடப்பது. மேசையில் வழக்கு ஆவணங்கள். கிரவுன் ஒரு பேரம் அனுப்பியிருக்கிறது: 267ஐக் கைவிடுகிறோம், 266க்கு ஒப்புக்கொள். மகன் ஆங்கிலத்தில் சட்டத்தரணியோடு பேசுகிறான். தாய் 'என்னவாம்?' என்று கேட்கிறாள். அவன் அதைத் தமிழில் சொல்ல வேண்டும், அவனிடம் இருப்பது 'குற்றம்' என்ற ஒரு சொல் மட்டும்.